மானிடவியல்: நம்ம சனத்தைப் பற்றிப் படிக்கும் படிப்பு



உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் காலம் வந்துவிட்டால், தாய்மார் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"எங்க புள்ளைக்கு ஆர்ட்ஸ்தாங்க. அதுலயும் சமூகவியல், மானிடவியல்னு என்னமோ சொல்றா. டாக்டர்னா தெரியும், டீச்சர்னா தெரியும். இது என்னாங்க படிப்பு? யாழ்ப்பாணத்துக்கு வேற போகணுமாம். அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைச்சா பிரயோசனம் இருக்குமா?"

நியாயமான கேள்விதான். விடிகாலையில் பிரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. எதற்குச் செலவாகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு. ஆகவே இந்த இதழில் மானிடவியல் என்றால் என்ன, அதை எப்படிப் படிக்கிறார்கள், படித்தால் என்ன வரும் என்பதைப் பார்ப்போம். வெறும் விளக்கமாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு சொல்கிறோம். அந்த ஊர் மயிலிட்டி.

மனுசனைப் படிக்கும் படிப்பு

மானிடவியல் மனிதனைப் பற்றிய படிப்பு. இதற்குப் பொதுவாக நாலு கிளை சொல்வார்கள்.

முதலாவது, மனித உடம்பின் கதை. மனித இனம் எங்கே தோன்றியது, எப்படிப் பரவியது, எலும்பும் பல்லும் இரத்தமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது.

இரண்டாவது, மண்ணுக்கடியில் கிடைப்பதைத் தோண்டிப் பார்க்கும் தொல்லியல். 1980ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை என்ற இடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, பழைய காலத்து மனிதரைப் புதைத்த குழியும், பிராமி எழுத்துப் பொறித்த சிறிய முத்திரை ஒன்றும் கிடைத்தன. அங்கே ஆதியில் வாழ்ந்த சனத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்த முத்திரையை எடுத்துக் காட்டுகிறார்கள்.

மூன்றாவது, பேச்சு. நாம் "பிரட்டு" என்கிறோமே, அது ஆங்கிலேயரின் 'பரேட்' என்ற சொல். "லயம்" என்பது 'லைன்'. யாழ்ப்பாணத்தார் நாற்காலியைக் "கதிரை" என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஒரு சனம் யார் யாரோடு பழகியது, யாரிடம் வேலை செய்தது என்பதை அதன் வாய்ச் சொல்லே காட்டிக் கொடுத்துவிடும்.

நாலாவதுதான் நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதிகம் படிப்பிக்கப்படும் சமூக, பண்பாட்டு மானிடவியல். சனங்கள் எப்படிக் கூடி வாழ்கிறார்கள், யாரை யார் கட்டுகிறார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள், உழைப்பை எப்படிப் பங்கிடுகிறார்கள், யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள் என்பதைப் பார்ப்பது இதுதான். சமூகவியல் இதற்கு அக்கா தங்கை மாதிரி. பல இடங்களில் இரண்டையும் ஒரே துறையில்தான் படிப்பிக்கிறார்கள்.

கூடவே இருந்து படிப்பது

மற்றப் படிப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், படிக்கும் முறையில் இருக்கிறது. இதில் புத்தகம் பாதி, சனம் பாதி.

போலந்து நாட்டில் பிறந்த மாலினோவ்ஸ்கி என்பவர் 1915க்கும் 1918க்கும் இடையில் நியூகினிக்குப் பக்கத்திலுள்ள திரோபிரியாண்ட் தீவுகளில் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். அந்தச் சனத்தின் பேச்சைக் கற்றார். அவர்கள் கடலுக்குப் போகும்போதும், கிழங்கு நடும்போதும், சண்டை போடும்போதும் பக்கத்திலேயே இருந்து பார்த்து எழுதினார். அதற்கு முன்னரும் சிலர் அப்படி ஊர்களுக்குப் போனதுண்டு. ஆனால் 'ஒரு சனத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர்களோடு நீண்ட காலம் வாழ்ந்து பார்க்க வேண்டும்' என்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் இந்தப் படிப்பின் சட்டம் மாதிரி ஆனது. இதைக் கள ஆய்வு என்பார்கள்.

அவர் கண்ட ஒரு விசயத்தைக் கேளுங்கள். அந்தத் தீவில் இரண்டு விதமாக மீன் பிடித்தார்கள். உள்ளே அமைதியான களப்பில் மீன் பிடிக்கும்போது மந்திரம் தந்திரம் எதுவும் செய்யவில்லை. அங்கே ஆபத்து இல்லை, மீனும் நிச்சயம். ஆனால் திறந்த கடலுக்குப் போகும்போது எத்தனையோ சடங்கு. ஏனென்றால் அங்கே உயிருக்கும் உத்தரவாதம் இல்லை, மீனுக்கும் உத்தரவாதம் இல்லை. மனிதன் தன் கைக்கு அடங்காத இடத்தில்தான் தெய்வத்தை அதிகம் கூப்பிடுகிறான் என்பது அவர் கண்ட முடிவு.

நம்ம தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டோரில் பெரிய ரோதை சுற்றும் இடத்தில் ரோதைமுனிக்குப் பூசை போடுகிறோம். கவ்வாத்துக் கத்தி எடுக்கும் முன்னே கவ்வாத்துச்சாமியைக் கும்பிடுகிறோம். வீட்டுக்குள்ளே உலை வைக்கும்போது அப்படிப் பூசை போடுவதில்லை. கை போகும், காலில் வெட்டு விழும் என்ற பயம் எங்கே உண்டோ, அங்கே சாமி வந்து நிற்கிறது. எங்கேயோ கிடக்கிற தீவுக்கும் நம்ம மலைக்கும் இந்த ஒற்றுமை இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் மானிடவியலின் வேலை.

இனி மயிலிட்டிக்குப் போவோம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் மயிலிட்டி. வடக்கின் பேர்போன மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. நமக்கும் வடக்குக் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சந்தை நாளில் வாங்கும் கருவாட்டில் அந்தப் பக்கத்துக் கடலின் உப்பும் இருக்கும். அந்தக் கரையில் விடியற்காலம் குடிக்கும் பிளேன்ரீயில் நம்ம மலையின் சாயம் இருக்கும். சம்பந்தம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, தன் ஆய்வுக்காக மயிலிட்டிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அங்கே என்ன செய்வாள்?

முதலில் பேச்சைக் கற்பாள். சோழகம், வாடை, கொண்டல் என்று கரையோரத்தார் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். தொழில் குறையும். வீட்டில் அடுப்பு எரிவதும் காற்றைப் பொறுத்தது. நமக்கு மழையும் வெயிலும் கொழுந்தின் அளவைத் தீர்மானிக்கிற மாதிரித்தான்.

அடுத்தது உறவு முறை. வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டு ஒரு படம் போடுவாள். யாழ்ப்பாணத்தில் "அப்பு", "ஆச்சி" என்று கூப்பிடுவதை நாம் "தாத்தா", "பாட்டி" என்கிறோம். அவர்களுக்குச் சீதனம் பெரிய விசயம். நமக்குத் தாய்மாமன் சீர் பெரிய விசயம். ஒரு வள்ளத்தில் சேர்ந்து போகிறவர்கள் மாமன் மச்சானா, அண்ணன் தம்பியா என்று பார்த்தால், கடல் தொழிலை உறவுமுறை எப்படித் தாங்கி நிற்கிறது என்பது தெரியவரும்.

பிறகு உழைப்பும் பங்கும். கரைவலைத் தொழிலில் வலைக்குச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். வலையை இழுப்பவர்கள் கூலியாட்கள். பிடிபட்ட மீனில் வலைக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று பங்கு. தொழில் இல்லாத காலத்தில் சம்மாட்டி முற்பணம் கொடுப்பார். முற்பணம் வாங்கியவர் அடுத்த பருவம் வேறு வலைக்குப் போவது லேசில்லை.

இதைக் கேட்டதும் அவளுக்குத் தன் பாட்டன் சொன்ன கங்காணி காலத்துக் கதை ஞாபகம் வரும். அந்தக் காலத்தில் கடனைத் தீர்த்தால்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம். எவ்வளவு கடன் என்று எழுதிய "துண்டு" இருந்தால்தான் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பார்கள். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு ஒழித்தார்கள். கடலிலும் மலையிலும் முற்பணம் என்ற ஒரே கயிறு எப்படி ஆளைக் கட்டிப்போடுகிறது, அதே முற்பணம் கஷ்டகாலத்தில் எப்படி உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது என்று அவள் ஒப்பிட்டு எழுதலாம். தோட்டத்தில் பிறந்ததால் அவளுக்கு இந்த ஒப்பீடு உடனே பிடிபடும். வேறு பிள்ளைகள் இதைப் புத்தகத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

கோயிலுக்கும் போவாள். யாழ்ப்பாணத்தில் கண்ணகை அம்மனைப் பல இடங்களில் கும்பிடுகிறார்கள். அதே கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். இந்தப் பத்தினி வழிபாட்டை வருசக்கணக்கில் ஆராய்ந்து 1984இல் பெரிய நூலாக எழுதியவர் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், பேராதனையில் படிப்பித்தவர், பின்னர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2025ஆம் ஆண்டு காலமானார். அடிபட்டுக்கொள்ளும் இரண்டு சனங்களும் ஒரே தெய்வத்தின் காலில் விழுகிறார்கள் என்பதை ஆதாரத்தோடு காட்டுவதும் இந்தப் படிப்புத்தான்.

ஊர் என்றால் என்ன?

ஆனால் மயிலிட்டியில் அவளுக்குக் கிடைக்கும் முக்கியமான பாடம் இவை எதுவும் இல்லை. அது "ஊர்" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது மயிலிட்டிச் சனம் ஊரை விட்டு வெளியேறியது. பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் இருபத்தேழு வருசம் காத்திருந்தார்கள். பலர் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து நலன்புரி முகாம்களில் குடிசை போட்டு இருந்தார்கள். கடலில் வளர்ந்தவர்கள் கடலுக்குத் தூரத்தில் இருந்தார்கள். 2017ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதிதான் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சுற்றிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. மற்றக் காணிகள் துண்டு துண்டாகத்தான் வந்தன. துறைமுகத்தைத் திருத்தி 2019இல் திறந்தார்கள்.

இந்த இருபத்தேழு வருசத்தில் முகாமில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, கலியாணம் கட்டி, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. அவர்களில் பலர் மயிலிட்டியைக் கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் "உன்ர ஊர் எது?" என்று கேட்டால் "மயிலிட்டி" என்றுதான் சொன்னார்கள். காணாத ஊர் எப்படிச் சொந்த ஊர் ஆனது? அதை அவர்களுக்குள் யார் வைத்தது? ஆச்சிமாரின் கதையா? கோயில் திருவிழாவை முகாமிலும் நினைத்து நடத்தியதா? கலியாணம் பேசும்போது "எங்கட ஊர்ப் பகுதியில பாருங்கோ" என்று தேடியதா?

இது அரசாங்கக் கணக்கில் வராத விசயம். எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் என்று கச்சேரிக் கோப்பில் இருக்கும். ஊர் என்பது சனத்தின் நெஞ்சில் எப்படி உயிரோடு இருந்தது என்பதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால்தான் உண்டு. கேட்காமல் விட்டால், சொல்லக்கூடிய ஆச்சி கண்ணை மூடியதும் அதுவும் போய்விடும். திரும்பிப் போனபோது பல வீடுகள் இடிந்து, வேலி இல்லாமல், பற்றை மண்டிக் கிடந்தன. எந்த வளவு யாருடையது, கிணறு எங்கே இருந்தது, ஒழுங்கை எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வயசானவர்களின் ஞாபகம்தான் துணை. ஞாபகம் வெறும் கதை இல்லை. சில வேளை அதுதான் காணி உறுதியைப் போலப் பெறுமதியானது.

பேராசிரியர் வலன்டைன் டேனியல் 1984இல் எழுதிய நூலொன்றில் தமிழர் "ஊர்" என்று சொல்வதன் பொருளை ஆராய்ந்திருக்கிறார். ஊரின் மண் மனிதனின் உடம்பிலும் குணத்திலும் கலக்கிறது என்று தமிழ்நாட்டுக் கிராமத்தார் நம்புவதை அவர் கேட்டு எழுதினார். ஷாரிகா திராணகம 2011இல் எழுதிய நூல், யாழ்ப்பாணத் தமிழரும் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் இழந்த ஊரையும் வீட்டையும் எப்படி மனதில் சுமக்கிறார்கள் என்று பேசுகிறது.

இப்போது நம்ம பக்கம் திரும்புங்கள். நம்ம தாத்தா பாட்டி "ஊரு" என்றால் எதைச் சொன்னார்கள்? திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ கண்ணால் காணாத ஒரு கிராமத்தைத்தான். தாங்கள் பிறந்து, உழைத்து, பிள்ளை குட்டி பெற்று, மண்ணுக்குள் போன இடத்தை "தோட்டம்" என்றார்கள். 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அப்படிப் போனவர்கள் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்களைச் "சிலோன்காரர்" என்றார்கள். இங்கே "இந்தியாக்காரர்" என்றார்கள். நம்ம சனத்துக்கு எது ஊர்?

2023இல் நாம் மலையகத்துக்கு வந்து 200 வருசம் ஆனதை நினைவுகூர்ந்தோம். இன்னும் பலருக்குச் சொந்தக் காணி இல்லை, லயத்துக் காம்பராதான் முகவரி. மயிலிட்டியாருக்கு ஊர் இருந்தது, போக முடியவில்லை. நாம் இங்கேயே இருக்கிறோம், இதை ஊர் என்று சொல்ல நமக்கு இத்தனை காலம் எடுத்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதக்கூடிய பிள்ளை, இரண்டு சனத்துக்கும் ஒரு பெரிய உபகாரம் செய்கிறாள்.

நம்மைப் பற்றி எழுதியவர்கள்

நம்மைப் பற்றி எழுதாமல் இல்லை. இந்திய ஆய்வாளர் ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களில் சாதி எப்படித் தொடர்கிறது என்று ஆராய்ந்து 1975இல் நூலாக்கினார். நோர்வேயைச் சேர்ந்த ஒட்வார் ஹொல்லுப் 1994இல் எழுதினார். மைத்திரி ஜெகதீசன் தோட்டத்துப் பெண்களின் உழைப்பையும் வாழ்க்கையையும் பற்றி எழுதிய நூல் 2019இல் வந்தது.

முன்னே சொன்ன வலன்டைன் டேனியலின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. அவர் 1983இல் தோட்டத்துப் பெண்கள் பாடும் பாட்டுகளைச் சேகரிக்கலாம் என்று வந்தார். வந்த நேரம் ஜூலைக் கலவரம். பாட்டுக் கேட்க வந்தவரிடம் சனம் தாங்கள் பட்ட அடியையும் நெருப்பையும் பற்றிச் சொன்னது. அந்த அனுபவத்திலிருந்து வன்முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1996இல் வெளிவந்தது. கேட்கப் போனது ஒன்று, சனம் சொன்னது ஒன்று. சனம் சொன்னதைக் கேட்டு எழுதுகிறவர்தான் நல்ல ஆய்வாளர்.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் 1929இல் பிறந்த ஸ்டான்லி தம்பையாவும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான். 1950களில் கண்டிக்குப் பக்கத்தில் பாத்த தும்பறைக் கிராமங்களில், காணி இல்லாமல் கிராமம் எப்படி நலிகிறது என்று செய்த ஆய்வில் பங்கு கொண்டார். 1956இல் மாணவர்களோடு கல்லோயாவில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது கலவரம் மூண்டது. பின்னாளில் அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, கலவரங்கள் ஏன் நடக்கின்றன என்று உலகத்துக்கு எழுதினார். 2014இல் காலமானார்.

யாழ்ப்பாணத்திலேயே இருந்து எழுதியவர்களும் உண்டு. மயிலிட்டிக்குச் சில மைல் தொலைவில் தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. போரும் இடப்பெயர்வும் நடந்த காலத்தில் துர்க்கை வழிபாடு ஏன் பெருகியது என்பதைப் பேராசிரியர் நா. சண்முகலிங்கன் ஆராய்ந்தார். நூல் 2002இல் வந்தது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

வெளியார் எழுதியது பிழை என்று நாம் சொல்லவில்லை. பலர் நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள். ஆனால் காமன் கூத்தில் ரதி அழும்போது லயமே ஏன் கூட அழுகிறது என்பதைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை எழுதினால், அது வேறு எழுத்தாக இருக்கும்.

கேட்கிறவருக்கும் ஒரு தர்மம்

இந்தப் படிப்புக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து, இவர் உயர்வு, அவர் தாழ்வு என்று எழுதியவர்களும் இந்தப் படிப்பின் பேரில்தான் எழுதினார்கள். அது பிழை என்று இன்று மானிடவியலே சொல்கிறது.

அதனால் இன்று சில கட்டுப்பாடுகள் உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். விருப்பம் இல்லாவிட்டால் "சொல்ல மாட்டேன்" என்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. எழுதும்போது பேரையும் அடையாளத்தையும் மறைக்க வேண்டும். எழுதியதால் சொன்னவருக்குத் தீங்கு வரக்கூடாது. போர் நடந்த மண்ணில் இது சின்ன விசயம் இல்லை.

இரண்டு பக்கத்தையும் கேட்பதும் தர்மம்தான். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போவதாக வடக்கு மீனவர்கள் குமுறுகிறார்கள். 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. பிடிபட்ட இந்தியப் படகுகள் பல மயிலிட்டித் துறையிலேயே கட்டிக் கிடந்தன. அந்தப் படகுகளில் கூலிக்கு வந்தவரும் ஏழைத் தமிழர்தான். மயிலிட்டித் தாயின் கண்ணீரையும், இராமேஸ்வரம் தாயின் கண்ணீரையும் கேட்டு எழுதுவது மானிடவியல் படித்தவரின் கடமை.

எங்கே படிக்கலாம், எப்படிப் போகலாம்?

உயர்தரத்தில் கலைப் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்து, இசட் புள்ளி போதுமானதாக இருந்தால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருசா வருசம் வெளியிடும் கைநூல் தமிழிலும் வரும். அதை வாங்கி, ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். கடைசித் திகதி தவறினால் ஒரு வருசம் போய்விடும்.

யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் கலைப் பாடங்களைத் தமிழில் படிக்கலாம். அங்கே மானிடவியல் பெரும்பாலும் சமூகவியலுடன் சேர்ந்து வரும். பேராதனையில் சமூகவியல் துறை 1949இல் தொடங்கிய பழைய துறை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் மானிடவியலை அந்தப் பேரிலேயே படிக்கலாம். எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்பதைச் சேர முன்னே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு மஹாபொல புலமைப்பரிசில் அல்லது நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே அலைந்து எடுத்து வையுங்கள். விடுதிக்கும் விண்ணப்பம் போடுங்கள். ஆனாலும் சாப்பாடு, பஸ், போட்டோப் பிரதி என்று கைச்செலவு வரும். அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

"வேலை கெடைக்குமா?" என்ற கேள்விக்கும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியதும் வேலை வீடு தேடி வராது. கலைப் பட்டதாரிகள் அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் வழிகள் உண்டு. ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர், சமூக சேவை, சிறுவர் நலன், அரும்பொருட்சாலை, பத்திரிகை, ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம் என்று பலவற்றுக்கு இந்தப் படிப்புப் பயன்படும். படிக்கும் காலத்திலேயே ஆங்கிலமும் சிங்களமும் கணினியும் கற்றுக்கொண்ட பிள்ளைக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். முன்னே சொன்ன நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் நம்மைப் பற்றி எழுதியதையே நாம் வாசிக்க முடியாது.

இன்றைக்கே தொடங்கலாம்

இந்தப் படிப்பைத் தொடங்கப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாற்பது தாள் அப்பியாசக் கொப்பி போதும். பிள்ளைகளே, இன்று சாயந்தரம் பாட்டி வெத்திலை மெல்லும்போது பக்கத்தில் உட்காருங்கள்.

"பாட்டி, நம்ம ஆளுங்க எந்த வழியா வந்தாங்க? இந்த மலைக்கு ஏன் இந்தப் பேரு? நீங்க பேர் பதிஞ்ச முதல் நாள் எத்தனை வயசு? கலியாணத்துக்கு யாரு பேசி முடிச்சது? நம்ம காமன் கூத்துல ரதி வேசம் யாரு கட்டுனது?"

திகதி போட்டு, பாட்டி சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். "அதெல்லாம் பழங்கதை, எதுக்குடா?" என்று பாட்டி சொன்னால், அதையும் எழுதுங்கள். பாட்டி சொல்ல விரும்பாத இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைத்தால் பயப்பட வேண்டாம். யாழ்ப்பாணம் தூரம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நம்ம பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். பாதி வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய பேத்தி அதே வடக்குப் பக்கம் பஸ்ஸில் போகிறாள், கையில் கொப்பியும் பேனையும் இருக்கிறது. விடுபட்டுப் போன அந்தக் கணக்கை அவள்தான் எழுத வேண்டும். சந்தோசமாக அனுப்பி வையுங்கள்.